வேலு விட்டது

பக்கத்து வீட்டு உமாசங்கர் பைக்கைக் கிளப்பிவிட்டார். இசக்கிமணி ஓடிவந்து சாவியைத் திருப்பி அணைத்தாள். நெய், சூடம், கோடித்துணி, சந்தனக்கட்டை என்று எழுதிய சீட்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. சந்தனக்கட்டை மட்டும் வேண்டாம் என்றாள்.

"அது இல்லாம எப்படிம்மா?"

"இருக்கு அண்ணாச்சி. நீங்க மத்தத வாங்கிட்டு வாங்க."

உமாசங்கர் வேல்ராஜைப் பார்த்தார். வேல்ராஜ் தங்கையைப் பார்த்தான். அப்பா விடியற்காலையில் இறந்திருந்தார். கோவில்பட்டி ஸ்டேஷனில் ஏட்டாக இருக்கும் அவன் டியூட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். நான்கு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. இப்போது இரண்டு.

"வயலுக்கு வா," என்றாள். சேலைத் தலைப்பில் அரிவாளைச் சுற்றியிருந்தாள்.

வாய்க்கால் கரையோடு நடந்தார்கள். சாரல் விழுந்தது. குற்றாலத்து மலை தெரியவில்லை. அருவி ஓசை மட்டும் இருந்தது.

வேலியை ஒட்டித்தான் பாதை. வேல்ராஜுக்கு அதில் ஒவ்வொரு முள்ளும் தெரியும். யார் நிலத்தில் முளைத்தாலும் சந்தனம் சர்க்காருடையது. அந்தக் காலத்துச் சட்டம். கீழ வயல்காரர் மரத்தைத் திருடர்கள் வெட்டிக்கொண்டு போனபோது விசாரணைக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். மூன்று நாள் கழித்து வந்தவர் யாரோடும் பேசவில்லை. அந்த மழைக்காலத்திலேயே ஊர் சந்தனக் கன்றுகளைப் பிடுங்கத் தொடங்கியது. பறவைகள் விதை போட்டன. ஆட்கள் பிடுங்கினார்கள். மரத்தைக் காப்பாற்ற எழுதிய சட்டம். ஐந்து வருஷத்தில் ஒரு வேலியிலும் சந்தனம் இல்லை.

இவர்கள் வேலியில் பிடுங்குவது வேல்ராஜின் வேலை. அப்போது பத்து வயது. ஒரு கன்று இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. முழங்கால் உயரத்தில் ஒடித்து வாய்க்காலில் எறிந்தான்.

"வேரோடயாலே?" என்று அப்பா கேட்டார்.

"வேரோட."

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

வயலின் வடமூலையில் வேலியை ஒட்டி மூங்கில் புதர். அதன் முன்னால் துவரை. அந்த இடத்தில் துவரை ஒருநாளும் சரியாகக் காய்த்ததில்லை. வருஷம் தவறாமல் அங்கேயே விதைத்ததால் ஊரில் அப்பாவுக்குத் துவரைக் கைலாசம் என்று பெயர். அந்தக் கேலிக்கு அவரும் சிரிப்பார்.

"துவரை நமக்கு இல்ல," என்றாள் இசக்கிமணி. "அதோட வேரத்தான் அது பிடிச்சு உறியுமாம்."

மூங்கிலை விலக்கினாள்.

உள்ளே சந்தன மரம் நின்றது.

வேல்ராஜ் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். எதற்கென்று தெரியாமல் கட்டினான். மேலே பார்த்தான். மூங்கில் முடிகிற இடத்தில் மரமும் நிறுத்தப்பட்டிருந்தது. வருஷா வருஷம் யாரோ ஏறி உச்சியைக் கழித்திருக்கிறார்கள். அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"நீ போலீஸ்லா. தெரிஞ்சா எழுதணும், எழுதலன்னா உனக்குக் குத்தம்னு அப்பா சொன்னாவ."

"சட்டம் மாறி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சுட்டி. மரம் இப்ப நமக்குத்தான். வெட்டத்தான் பெர்மிஷன் வேணும்."

"தெரியும். பேப்பர்ல வந்தன்னைக்கு நாந்தான் படிச்சுக் காட்டினேன். பொறவு திருப்பி மாத்த மாட்டானான்னு கேட்டாவ."

அவன் மூங்கிலைத் தாண்டி உள்ளே போனான்.

"சந்தனம்னு ஒருநாளும் வாயால சொன்னதில்ல," என்றாள். "வேலு விட்டதுன்னுதான் சொல்லுவாவ. வேலு விட்டதுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்னு போவாவ. ஏன் அப்படிச் சொல்லுதாவன்னு எனக்குப் புரியாது."

அவன் குனிந்தான். முழங்கால் உயரத்தில் தண்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. இரண்டும் அவன் தொடையைவிடப் பருமன். பிரிகிற இடத்தில் ஒடித்த பழைய வடு. உள்ளங்கை வைத்தால் மூடிவிடும். வைத்தான். பட்டை ஈரமாக இருந்தது.

"ஒரு கம்பாவது தன்கூடச் சுடுகாட்டுக்கு வரணும்னு கேட்டாவ," என்றாள். "போன வாரம்."

"பெர்மிஷன் இல்லாம கிளைய வெட்டினாலும் கேஸுதான்."

அவள் அரிவாளை நீட்டினாள். முப்பது வருஷத்தில் எத்தனையோ பேர் கையிலிருந்து அரிவாளைப் பிடுங்கி மகஜர் எழுதியவன் அவன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு வாங்கினான்.

தாழ்ந்த கிளை ஒன்று. பெருவிரல் பருமன். ஒரே வெட்டில் வந்தது. உள்ளே வெள்ளையாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனான். வாசம் இல்லை. வெறும் பச்சை மரம். தங்கையிடம் கொடுத்தான். அவளும் முகர்ந்தாள்.

வாசமெல்லாம் நடுத்தண்டில் முற்றிய வைரக் கட்டையில். அது எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் துளை போட்டுப் பார்க்க வேண்டும். வேல்ராஜ் மரத்தைச் சுற்றி வந்தான். துளை எங்கும் இல்லை.

கம்பைத் துண்டில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டான். ஊருக்குள் சங்கு ஊதினார்கள்.

திரும்பும்போது மரத்தடியில் ஒரு கன்று கண்ணில் பட்டது. நான்கு இலை. கை தானாகப் போய் அடித்தண்டைப் பிடித்தது. விட்டான். பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் மூங்கில் சருகுக்குள், துவரைக்கு அடியில், வரப்பு வரைக்கும் நூற்றுக்கணக்கில். யாரும் பிடுங்காதவை.

"பார்த்து வாண்ணே," என்றாள் இசக்கிமணி.

சங்கு மறுபடி ஒலித்தது. இருவரும் வேகமாகப் போக முடியாமல், பாதத்தைத் தூக்கி இடம் பார்த்து வைத்து வைத்து, வரப்புக்கு வந்து சேர்ந்தார்கள்.