இடது ஓரத்துப் பாக்கெட்

சரியாக ஆறரை மணிக்கு அந்தக் கடையின் கடைசி வரிசையில் கூட்டம் சேரும். கூட்டம் என்றால் ஏழெட்டுப் பேர். குளிர்ப்பெட்டிக்கு முன்னால் நின்று, வேறு எதையோ தேடி வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்கள். தினமும் பார்த்தாலும் ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

ஸ்டிக்கர்காரர் வருவார். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அன்றோ மறுநாளோ தேதி முடிகிற பாக்கெட்டுகளைத் தேடி எடுத்து, டக் டக்கென்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார். அதில் பொருளின் பெயர், பாதி விலை, கடைசித் தேதி மூன்றும் இருக்கும். கம்பெனி அச்சடித்த தேதியின் மேலேயே அதை ஒட்டுவது அவர் வழக்கம்.

அவர் நகர்ந்ததும் கைகள் பாயும். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியின் கைதான் முதலில் பாயும். சலவைக்கடையில் ஒன்பது வருஷமாக இஸ்திரி போடுகிற கை. சுறுசுறுப்புக்குக் கேட்கவா வேண்டும்.

"இதெல்லாம் தேதிக்குள்ள வயித்துக்குள்ள போயிடணும்மா" என்பார் ஸ்டிக்கர்காரர். "அப்புறம்னு வெச்சீங்கன்னா உங்க பாடு, டாக்டர் பாடு."

அவள் சிரித்துக்கொண்டே பையை மூடுவாள்.

லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவனுக்கு வேலை வாரத்தில் மூன்று நாளாகக் குறைந்ததிலிருந்து இதுதான் நடக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள், நாத்தனார் வந்து சேரும்வரை.

நாத்தனாருக்கு ஏழாவது மாதம். அவள் கணவன் கப்பலில் இருக்கிறான்; திரும்பி வர இன்னும் மூன்று மாதம் ஆகும். இதற்கு முன் இரண்டு முறை ஐந்தாவது மாதத்திலேயே கலைந்துவிட்டது. மூன்றாவதையாவது பத்திரமாகக் கொண்டுவர வேண்டும், மாடிப்படி கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்ல, அண்ணன் வீடே கதி என்று பெட்டியோடு வந்துவிட்டாள்.

வந்த முதல் வாரமே தன் ஓரகத்தியின் கதையை எடுத்தாள்.

"பிரிட்ஜைத் திறந்தா ஒரே மஞ்சள் ஸ்டிக்கர், அண்ணி. கடைக்காரன் தூக்கிப் போடறதைக் காசு குடுத்து வாங்கறா. அவ வீட்ல நான் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்."

அப்போது அண்ணியின் பைக்குள் இரண்டு மஞ்சள் ஸ்டிக்கர்கள் இருந்தன. அவள் பையைக் காலால் மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, "சில பேர் அப்படித்தான்" என்றாள்.

அன்றிரவு முதல் அவளுக்கு ஒரு கூடுதல் வேலை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியின் நீராவியை ஸ்டிக்கர் மேல் இரண்டு முறை பீய்ச்சுவாள். பசை இளகி, வெந்த தோல் மாதிரி சுருளாமல் முழுசாக உரிந்து வரும். அதோடு அடியில் இருந்த கம்பெனித் தேதியும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். உரித்த ஸ்டிக்கரைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிவைப்பாள். பொருள் தீர்ந்ததும் கிழித்துப் போடுவாள்.

தேதி இல்லாத பாக்கெட்டுகளுக்கு அவள் ஒரு வரிசை வைத்திருந்தாள். பிரிட்ஜின் நடுத்தட்டில் இடமிருந்து வலமாக. முதலில் முடிய வேண்டியது இடது பக்கம், புதிதாக வந்தது வலது பக்கம். தேதி தாண்டிப்போனது ஏதாவது இருந்தால் இடது கோடி ஓரம். அது வாட்ச்மேனின் பூனைக்கு. தூக்கிப் போட மனசு வராது அவளுக்கு. இந்த வரிசை அவள் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அவள்தான் சமைக்கிறாள், அவள்தான் பரிமாறுகிறாள். வேறு யாருக்குச் சொல்ல வேண்டும்?

ஒரு ஹோட்டலின் திரைச்சீலைகள் மொத்தமும் சலவைக்கடையில் வந்து இறங்கிய வாரம் அது. இரண்டு நாள் அவள் விடிந்ததும் போய், விளக்கு வைத்தபின் வந்தாள். இரண்டாம் நாள் வீடு திரும்பியபோது கணவன் வாசலிலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"பிரிட்ஜைத் திறந்து பாரு" என்றான்.

பால் கவிழ்ந்திருக்கிறது. சும்மா இருக்கிறோமே என்று முழுசாகக் காலி செய்து, சோப்புப் போட்டுத் துடைத்து, எல்லாவற்றையும் அழகாக அடுக்கிவைத்திருந்தான். பெரியது பின்னால், சிறியது முன்னால். லிப்ட் உதிரிபாகப் பெட்டியில் அப்படித்தான் அடுக்குவானாம்.

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். உள்ளிருந்து வந்த குளிர் முகத்தில் அடித்தது.

"நல்லா இருக்கு" என்றாள்.

அவன் குளிக்கப் போனதும் தொட்டி அலமாரியைத் திறந்து, குந்தி உட்கார்ந்து, ஸ்டிக்கர்களையும் பாக்கெட்டுகளையும் பொருத்திப் பார்த்தாள். தயிர் இருந்தது. சீஸ் இருந்தது. வேகவைத்த கோழித் துண்டுகள் இரண்டு பாக்கெட் இருக்க வேண்டும். பன்னிரண்டு துண்டுகள் உள்ள பெரியது புதிது, அது இருந்தது. எட்டுத் துண்டுகள் உள்ள சிறியது பழசு. தேதி முடிந்து நான்கு நாள். பூனைக்கென்று இடது கோடியில் வைத்தது. அது இல்லை.

குப்பைக்கூடையைக் கிளறினாள். பாக்கெட் கிடைத்தது, காலியாக.

நாத்தனார் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். மதியம் என்ன சாப்பிட்டாய் என்று அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"அண்ணன் சாண்ட்விச் பண்ணிக் குடுத்தான், அண்ணி. கோழி வெச்சு. ஒண்ணுக்கு ரெண்டாத் தின்னேன். உங்க சமையலை விட நல்லா இருந்துச்சு, கோவிச்சுக்காதீங்க."

அவனும் தின்றானா என்றதற்கு, எல்லாவற்றையும் தனக்கே வைத்துக் கொடுத்துவிட்டான் என்று பெருமையாகச் சொன்னாள்.

மறுநாள் அண்ணி பஸ் நிறுத்தத்தில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். தெரிந்த பெண்ணுக்காகக் கேட்கிறேன் என்றாள். எடுத்த நர்ஸ் நிதானமாகப் பேசினாள். எதுவும் ஆகாமலும் போகலாம். ஆனால் கர்ப்பிணிகளுக்கு அப்படிப்பட்ட இறைச்சியில் வரும் கிருமி ஒன்று உண்டு. வாசனையில் தெரியாது, ருசியில் தெரியாது. உடனேயும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். அம்மாவுக்கு வெறும் காய்ச்சல், குளிர், குழந்தைக்குத்தான் ஆபத்து. எதற்கும் அவளை உடனே கூட்டிவந்து, என்ன சாப்பிட்டாள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் எதைத் தேடுவது என்று அவருக்குத் தெரியும்.

சொல்கிறேன் என்றாள். பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

அன்று மாலை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தபோது நாத்தனார் குழந்தைக்குப் பின்னிய தொப்பியை முழங்காலில் மாட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். பூனைக்கு வைத்ததைத்தான் நீ தின்றாய் என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்கு என்று தள்ளினாள். அந்த 'நாளைக்கு' இன்னொரு 'நாளைக்கு' ஆனது. இப்போதெல்லாம் அவள் ஆறரை மணிக்குக் கடைக்குப் போவதில்லை. முழு விலை கொடுத்து வாங்கினாள். தினமும் காலையில் நாத்தனாரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, திடீர்னு பாசம் பொங்குது? சொத்து ஏதாவது என் பேர்ல இருக்கா?"

ஐந்தாம் நாள், ஆறாம் நாள், எட்டாம் நாள். நெற்றி குளிர்ச்சியாகவே இருந்தது. எட்டாம் நாள் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ஒன்பதாம் நாள் அவளுக்கு விடுமுறை. வெயில் தகித்தது. மத்தியானம் வீட்டில் மின்விசிறி சுழன்றும் காற்று இல்லை. கணவன் பனியனோடு தரையில் புரண்டுகொண்டிருந்தான். அடுத்த அறையிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள்.

"அண்ணி, அந்த ஜன்னலைச் சாத்துங்களேன். குளிருது."

அவள் போய்ப் பார்த்தாள். நாத்தனார் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தாள். பற்கள் லேசாக அடித்துக்கொண்டன. நெற்றியில் வைத்த கையை அவள் உடனே எடுத்துவிட்டாள். இஸ்திரிப் பெட்டியின் சூடு தெரிந்த கை அது.

"முதுகு வேற வலிக்குது. இவன் வேற காலைலேருந்து உதைக்கவே இல்லை" என்றாள் நாத்தனார், வயிற்றைத் தடவிக்கொண்டு. "தூங்குறான் போல."

அவள் ஜன்னலைச் சாத்தினாள். டாக்சிக்குச் சொல்லும்படி கணவனிடம் குரல் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். தொட்டி அலமாரிக் கதவைத் திறந்தாள். பொருள் தீர்ந்தும் கிழித்துப் போடாத ஒரே ஒரு ஸ்டிக்கர் அதில் இருந்தது. நீராவி இல்லாமல், நகத்தால் சுரண்டி எடுத்தாள். திரும்பி வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கொதிக்கிற அந்த உள்ளங்கையில் அதை வைத்தாள்.

"டாக்டர்கிட்ட இதைக் காட்டணும்" என்றாள். "அதுக்கு முன்னால நீ படிச்சிடு."

நாத்தனார் மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்தாள். கோழித் துண்டுகள், எட்டு. தேதியைப் படித்தாள். உதடுகள் அசைந்தன, விரல் விட்டு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்ததும் இன்னொரு கையை வயிற்றின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, எதற்கோ காத்திருப்பது போல அசையாமல் இருந்தாள்.

வாசலில் டாக்சியின் ஹாரன் கேட்டது. அவள் இன்னும் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.