தோற்றால் மறுநாள் காலை

குத்துச்சண்டையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், சண்டைக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது என்பதுதான். என் வீட்டுக்காரர் பயிற்சியாளர். அவர் தம்பி, அதாவது என் கொழுந்தன், சண்டைக்காரன். ஓரிடத்தில் கால் நிற்காது என்பதால் ஊரே அவனைத் தும்பி என்கிறது. பத்தொன்பது சண்டை, பத்தொன்பதும் வெற்றி. நாளைக்கு ஐம்பத்தேழு கிலோ பிரிவின் பட்டத்துக்காக அவன் மோதப்போவது பூட்டு என்பவனோடு. முகத்துக்கு முன்னால் கையை மூடினால் எவனாலும் திறக்க முடியாதாம். இருபத்திரண்டு சண்டை. அவனும் தோற்றதில்லை.

நான் நாளிதழில் பிழை திருத்துகிறவள். குத்துச்சண்டை எழுதும் நிருபர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டதால், ஆசிரியர் காலையிலேயே என் மேசைக்கு வந்து நின்றார்.

"முன்னோட்டம் நீதாம்மா எழுதணும். உன் வீட்டு விஷயம்தானே?"

"அதனாலதான் சார் நான் எழுதக் கூடாது."

"ரெண்டு பக்கமும் சரிசமமா எழுது. கடைசி வரியில யாரு ஜெயிப்பாங்கன்னு மட்டும் தெளிவா சொல்லிடு. ஏழு மணிக்குள்ள வேணும்."

சரிசமமாகவும் எழுத வேண்டுமாம், யார் ஜெயிப்பார் என்றும் சொல்ல வேண்டுமாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

தெரிந்தவர்களைக் கேட்டேன். ஓய்வுபெற்ற நடுவர், "தும்பிதான், அந்தக் கால் வேகத்துக்கு யாருமில்லை" என்றார். பழைய சண்டைக்காரர் ஒருவர், "பூட்டுதான், அந்தக் கால் ஆறு சுற்றுக்கு மேல தாங்காது" என்றார். கையுறை விற்கும் கடைக்காரர் பூட்டு என்று ஆரம்பித்து, நான் யார் வீட்டு மருமகள் என்று தெரிந்ததும் தும்பி என்று முடித்தார். கேட்கக் கேட்கத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

மத்தியானம் பூட்டு பயிற்சி செய்யும் கூடத்துக்குப் போனேன். கயிறு தாண்டிக்கொண்டிருந்தான். என்ன கேட்பது என்று தெரியாமல், மனசில் பட்டதைக் கேட்டுவிட்டேன்.

"தோத்துட்டா மறுநாள் காலையில என்ன பண்ணுவீங்க?"

கயிறு நின்றது. மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அவனுடைய பயிற்சியாளர் பல்லைக் கடித்தார். "இந்தத் தொழில்ல இதை யாரும் கேக்க மாட்டாங்கம்மா. கல்யாண வீட்டுல வந்து கருமாதி எப்போன்னு கேப்பாங்களா?"

பூட்டு கோபப்படவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். பிறகு, "தூங்குவேன்க்கா. எங்கம்மா அன்னிக்கு எழுப்ப மாட்டாங்க" என்றான்.

சரிசமம் என்றாரே ஆசிரியர். அதே கேள்வியைத் தும்பியிடமும் கேட்க வீட்டுக்குப் போனேன். எடை குறைக்கப் போடும் வியர்வை உடுப்போடு தன் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. ஐம்பத்தேழைத் தாண்டக் கூடாது என்பதால், எடை பார்க்கிறவரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது.

கேட்டேன். அவன் கதவுக்குப் பின்னால் பார்த்தான். ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் அங்கே நிற்கும் பை இருந்தது. கையுறைப் பை என்றுதான் இந்த எட்டு மாசமாக, அதாவது நான் வாக்கப்பட்டு வந்ததிலிருந்து, நினைத்திருந்தேன். திறந்தால் சட்டைகள், போர்வை, பள்ளிச் சான்றிதழ், செத்துப்போன மாமியாரின் படம்.

"அடப்பாவி! யாருடா அந்தப் பொண்ணு?"

"பொண்ணா? எந்தப் பொண்ணு?"

"பின்ன எதுக்குடா மூட்டை முடிச்சு?"

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். எனக்கு இது தெரியாமல் இருப்பதுதான் அவனுக்கு ஆச்சரியம். "தோத்தா வீட்டுப் பக்கம் வராதேன்னு அண்ணன் சொல்லியிருக்காருல்ல அண்ணி? முதல் சண்டைக்குச் சொன்னாரு. அப்புறம் ஒவ்வொரு சண்டைக்கும் கையுறை கட்டும்போது சொல்வாரு. நானும் ஒவ்வொரு தடவையும் கட்டி வச்சிடுவேன். ஜெயிச்சு வந்ததும் பிரிச்சிடுவேன்."

இருபத்து நாலு வயசு. இருபதாவது மூட்டை.

"எங்கடா போவே?"

"அதுதான் அண்ணி இன்னும் தெரியலை."

யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் புரியவில்லை.

ஐந்து மணிக்கு எடை பார்க்கும் மண்டபம். ஒரே கூட்டம், புகைப்படக்காரர்கள். என் வீட்டுக்காரரை மேடைக்குப் பக்கத்தில் ஓரமாக இழுத்துச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார்.

"நானா சொன்னேன்? அது சும்மா ஒரு பேச்சு. ரோஷம் வரட்டும்னு சொல்றதுதான்."

"அவன் மூட்டை கட்டியிருக்கான்ங்க. உங்கம்மா படத்தோட."

சிரிப்பு போய்விட்டது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"இப்பவே போய், தோத்தாலும் பரவாயில்லைடான்னு சொல்லுங்க" என்றேன்.

"எப்படிச் சொல்றது? விடிஞ்சா சண்டை. இந்த நேரத்துல அதைச் சொன்னா, நீ தோக்கப் போறேன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடாதா? சொல்லவும் முடியாது, சொல்லாம இருக்கவும் முடியாது. நீயே ஒரு வழி சொல்லு."

சொல்லச் சொன்னதும் தப்போ என்று குழப்பமாக இருந்தது. அவர்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டேன், அதை எடுக்கத் தெரியவில்லை.

பூட்டு சரியாக ஐம்பத்தேழு. தும்பி ஏறினான். "ஐம்பத்தாறு கிலோ தொள்ளாயிரம்" என்று அதிகாரி கத்தினார். கைதட்டல். தும்பி இறங்கி வந்தான். அண்ணன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவன் குடித்து முடித்தான். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, கடுகடுவென்று சொன்னார்.

"நாளைக்கு மறுநாள் காலையில வேற வேலை எதுவும் வச்சுக்காதே. பீரோவை நகர்த்தணும். ஒத்தை ஆளா என்னால முடியாது."

தும்பிக்குப் புரியவில்லை. "எந்த பீரோ?"

"நம்ம வீட்டுல எத்தனை பீரோடா இருக்கு?"

"ஜெயிச்சுட்டா பேட்டி, அது இதுன்னு கூப்பிடுவாங்களே?"

"ஜெயிச்சாலும் பீரோ அங்கேயேதான் நிக்கும்."

தோத்துட்டா என்கிற அடுத்த கேள்வி அவன் உதடு வரை வந்தது. நான் பார்த்தேன். அவன் அதைக் கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு வரணும்?" என்றான்.

"எங்கிருந்துடா வர்றே? எழுந்திருச்சா போதும். எட்டு மணிக்கு."

தும்பி பாட்டிலோடு அப்படியே தரையில் குந்தி, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு குலுங்கினான். பட்டினி கிடந்த மயக்கம் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே புகைப்படக்காரர்கள் படம் எடுத்தார்கள்.