மகளிர் பிரிவுக்குப் போன அலமாரி

பென்சனுக்கு ஐம்பத்தேழு வயது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் மில்லில் தறிகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் வேலை, வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆறடி ஆள், அடர்ந்த மீசை, தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே தடித்துப்போன குரல். இந்த மனிதர் காதல் கதைகள் மட்டும்தான் படிப்பார் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். நம்பிய பிறகு சிரிப்பார்கள்.

குடலிறக்க ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தொற்றிய பழக்கம் அது. பக்கத்துக் கட்டில்காரரின் மகள் மாத நாவல் ஒன்றை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். பொழுது போகாமல் பென்சன் அதை எடுத்தார். தேயிலைத் தோட்ட முதலாளி ஒருவன், அவனைப் பிடிக்காமலேயே அவனுக்குக் கழுத்தை நீட்டியவள் ஒருத்தி. கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள். இருவரும் சேர்ந்தார்களா இல்லையா என்று தெரியாமல் பென்சனுக்குச் சோறு இறங்கவில்லை. தையல் ஆறியதும் முதல் வேலையாக வாசகசாலைக்குப் போய் உறுப்பினராகச் சேர்ந்தார். அன்றிலிருந்து வாரம் தவறாமல் சனிக்கிழமை புத்தகம் எடுக்கிறார். பஸ்ஸில் படிப்பார், மில் கேண்டீனில் படிப்பார். அட்டையில் தாமரைக் குளமும் தாவணிப் பெண்ணும் இருந்தாலும் அதைப் பேப்பர் போட்டு மறைத்ததில்லை.

ஊர் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்தும் வாசகசாலை அது. ஹாலில் ஆண்கள் கால் மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டு, உள்ளே வரும் பெண்களை ஏற இறங்கப் பார்ப்பது வழக்கம். தங்களுக்குத் தனியாக ஓர் இடம் வேண்டும் என்று பெண்கள் வெகுநாளாகக் கேட்டுவந்தார்கள். செயலாளர் காசிராஜன், இரும்புக் கடைக்காரர், ஒருவழியாக இசைந்தார். பின்னறையைப் பலகையால் அடைத்து, பக்கவாட்டில் தனி வாசல் வைத்து, 'மகளிர் பிரிவு, ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்று போர்டும் மாட்டினார். நல்ல காரியம்தான். ஆனால் சமையல் புத்தகம், கோலப் புத்தகத்தோடு காதல் நாவல் அலமாரியையும் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை வந்த பென்சன் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அலமாரி எங்க அண்ணாச்சி?"

"லேடீஸ் பக்கம் போயிருச்சு" என்றார் காசிராஜன், கணக்கிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அப்ப நான் எப்படி எடுக்க?"

இப்போதுதான் காசிராஜன் நிமிர்ந்து பார்த்தார். "ஒமக்கு எதுக்குய்யா அது? இம்புட்டுப் புத்தகம் கெடக்கு. மன்னர் வரலாறு இருக்கு, முன்னேறுறதுக்கு வழி சொல்லுத புத்தகம் இருக்கு. ஆம்பளை படிக்கதுக்கா இல்ல? அதுதான் வேணும்னா வீட்ல இருக்கவியள அனுப்பும்."

பேப்பர்களுக்குப் பின்னாலிருந்து இரண்டு மூன்று சிரிப்புகள் கேட்டன. பென்சன் வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

அவர் மனைவி ஏசம்மாள் முற்றத்தில் மீனைச் செதில் போக உரசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கப் பொறுமை கிடையாது. ஆனால் அவர் வாசித்தால் வேலை செய்தபடியே கேட்பாள், நடுநடுவே கதாநாயகனைத் திட்டவும் செய்வாள். நடந்ததைச் சொன்ன பென்சன், அடுத்த வாரம் அவளே போய் எடுத்து வந்தால் என்ன என்று மெல்லக் கேட்டார்.

"நான் போக மாட்டேன்" என்றாள்.

"ஏன்ட்டி?"

"நான் வாங்கியாந்து நீங்க படிச்சா அது களவுல்லா? இத்தன நாளும் ஒளிச்சா படிச்சிய? பஸ்ஸுல ஊரே பாக்கப் படிச்சிய. இப்ப அந்த இரும்புக் கடைக்காரருக்குப் பயந்து என் முந்தானைக்குள்ள ஒளியணுமாக்கும்." மீனைத் தண்ணீரில் போட்டு அலசினாள். "போன தடவ வாசிச்ச கதையில அந்த டாக்டரு பொண்டாட்டியக் கூப்பிடப் போனானா இல்லையான்னு தெரியாம எனக்கும்தான் ஒரு மாதிரியா இருக்கு. அதுக்காவ? நீங்களே போய் எடுத்துட்டு வாங்க."

அடுத்த சனிக்கிழமை பென்சன் நேரே பக்கவாட்டு வாசலுக்குப் போனார். உள்ளேயிருந்து தையல் கடை வைத்திருக்கும் இந்து எழுந்து வந்து வாசலை மறித்து நின்றாள்.

"அண்ணாச்சி, உள்ள வராதிய. நீங்க நல்லவியதான், தெரியும். இன்னைக்கு நீங்க வந்தா நாளைக்கு எல்லாவனும் வருவான். இந்த ரூமுக்கு நாங்க எம்புட்டு நாள் மல்லுக்கட்டுனோம்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

பென்சன் ஒரு படி கீழே இறங்கி நின்றார். "நான் உள்ள வரலம்மா. எனக்குப் புத்தகம்தான் வேணும். அந்த டாக்டர் கதையோட ரெண்டாம் பாகம்."

இந்து அவரை ஒரு கணம் பார்த்தாள். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து அங்கிருந்த நோட்டில் பதிந்து கொடுத்தாள். "அந்த டாக்டரு சரியான கூமுட்டை அண்ணாச்சி" என்றும் சொல்லி அனுப்பினாள்.

காரியம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் பென்சனுக்கு மனசு ஆறவில்லை. இன்னொருவர் வாசலில் கைநீட்டி வாங்கிப் படிக்க அவர் என்ன குற்றம் செய்தார்? அந்த மாதமே வாசகசாலையின் ஆண்டுக் கூட்டம் வந்தது. வரவு செலவு வாசித்து, டீ கொடுத்து, எல்லாரும் எழுந்திருக்கப்போன நேரத்தில் பென்சன் எழுந்தார்.

"காதல் கதை அலமாரிய ஹாலுக்கே கொண்டாரணும். லேடீஸும் எடுக்கட்டும், நாங்களும் எடுக்கோம்."

"நாங்கன்னா ஆரு?" என்றார் காசிராஜன். "அதப் படிக்குத ஆம்பளைங்க கையத் தூக்குங்க, பாப்போம்."

பென்சனின் கை உயர்ந்தது. வேறு ஒரு கையும் உயரவில்லை. இரண்டாவது வரிசையில் மரக்கடை தங்கப்பாண்டியன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாரம் இரண்டு நாவல் எடுக்கிறாள். ஆனால் அந்தத் தேயிலைத் தோட்டக் கதையின் முடிவை ஒருநாள் டீக்கடையில் வைத்துப் பென்சனுக்கு வரிவரியாகச் சொன்னவர் தங்கப்பாண்டியன்தான். பென்சன் அவரைப் பார்த்தார், பெயரைச் சொல்லவில்லை. தூக்கிய கையை இறக்கவும் இல்லை.

காசிராஜனுக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது போலிருந்தது. "சரிய்யா, அதுல ஏதாச்சும் நல்ல கருத்து இருந்தா சொல்லும். குடும்பம் நடத்துத முறை, பொறுமை, அப்படி இப்படி. கமிட்டியில வச்சு யோசிப்போம்."

தப்பிக்க நல்ல வழிதான். கத்திக் கத்தியே பேசிப் பழகியவன், மனைவியிடம் தணிந்து பேச இந்தப் புத்தகங்களைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் போதும், கைதட்டுகூடக் கிடைக்கும். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பென்சன் அதை விழுங்கிக்கொண்டார்.

"கருத்தெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றார். "திருந்துறதுக்கா படிக்கேன்? அவனும் அவளும் சண்ட போடுதாவ, பிரியுதாவ, பொறவு சேருதாவ. எனக்குப் பிடிச்சிருக்கு, படிக்கேன். நீங்க எல்லாரும் கிரிக்கெட்டுப் பக்கத்த என்ன கருத்துக்குப் படிக்கிய?"

கூட்டம் சிரித்தது. இந்த முறை அந்தச் சிரிப்பு யாரை நோக்கி என்று சொல்ல முடியவில்லை. காசிராஜன் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு, "தீர்மானம் தள்ளுபடி" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பென்சன் பக்கவாட்டு வாசலில் புத்தகத்தை வாங்கியவர், வீட்டுக்குப் போகவில்லை. தெருப் பக்கமாக வந்து வாசகசாலையின் முன்படியில் அமர்ந்து, அட்டை தெரியும்படி விரித்துப் படித்தார். ஹாலுக்குள் போகும் ஒவ்வொருவரும் அவரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. மறுவாரம் படியில் வரிசையாகப் பூந்தொட்டிகள் இருந்தன. பென்சன் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு படித்தார். மில்லில் எட்டு மணி நேரம் நின்ற கால்களுக்கு அது ஒரு பாடே இல்லை. அதற்கடுத்த வாரம் பெயிண்ட் காயவில்லை, தூணைத் தொடக்கூடாது என்றார்கள். சாயாமல் நின்றார். படிக்கிறவர் நடுவில் ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தபோது ஹாலில் இரண்டு பேர் பேப்பரை இறக்கிப் பார்த்தார்கள்.

அப்படி ஒரு நாள் தங்கப்பாண்டியன் செருப்பைக் கழற்றும் சாக்கில் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அந்தக் கலெக்டர் பொண்ணு கதையா? என் வீட்டுக்காரி ஊருக்குப் போயிருக்கா. எடுத்துத்தர ஆளில்ல. படிச்சிட்டுக் கடைப் பக்கமா வாரும், ஆருக்கும் தெரியாம வாங்கிக்கிடுதேன்."

பென்சன் புத்தகத்தை மூடினார். "தர மாட்டேன்."

"என்னய்யா?"

"நீங்களே போய்க் கேளுங்க. வாசல் அந்தா இருக்கு. கடிச்சா வைக்கப்போறாவ?"

தங்கப்பாண்டியன் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் பென்சன் நினைத்தார். அவர் செருப்பைத் திரும்ப மாட்டினார், வேட்டியை இறுக்கிக் கட்டினார், ஹாலில் இருந்தவர்கள் பார்க்கப் பக்கவாட்டு வாசலை நோக்கி நடந்தார். அங்கே நின்று தொண்டையைக் கனைத்தார். முதலில் குரல் வரவில்லை. பிறகு மரக்கடையில் லாரிக்காரனைக் கூப்பிடுவதுபோல வந்தது.

"எம்மா! அந்தக் கலெக்டர் பொண்ணு கதை! எனக்குத்தான்!"

ஹாலில் எல்லாப் பேப்பர்களும் இறங்கின. காசிராஜன் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்து அப்படியே நின்றார்.

உள்ளேயிருந்து இந்துவின் குரல் வந்தது. "அது ரெண்டு பாகம் அண்ணாச்சி. ரெண்டும் வேணுமா?"

"ரெண்டும் எடு" என்றார் தங்கப்பாண்டியன்.