வாசலில் கேட்கும் விலை

போன மாதம் நாற்பது கிரைண்டர் அனுப்பினார்கள். இருபத்திரண்டு திரும்பி வந்தன. ஒரு பெட்டியும் பிரிக்கப்படவில்லை. பிரித்துப் பார்த்து 'கல் சரியில்லை' என்றிருந்தால்கூடப் புரியும். தாங்களே போன் போட்டுக் கேட்டவர்கள் வாசலில் வேண்டாம் என்றது ஏன்? ராஜலட்சுமிக்கு விளங்கவில்லை.

ஓசூர் கேபிள் சேனலில் தினமும் மாவு அரைத்துக் காட்டி அந்த கிரைண்டரை விற்பவள் அவள். "இந்த மாசமும் இப்படின்னா நிகழ்ச்சிய நிறுத்திடலாம்மா" என்று முதலாளி பொன்னுசாமி சொல்லிவிட்டார். நிகழ்ச்சி நின்றால் அவள் வேலையும் போகும்.

இந்த வேலைக்கு வருமுன் அவள் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தவள். அங்கே தேறாத பாகத்தைச் சும்மா ஒதுக்க மாட்டார்கள். சிவப்பு அட்டையில் விவரம் எழுதிக் கட்டுவார்கள். அட்டைகளை வரிசையாக வைத்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். திரும்பி வந்த பெட்டிகளுக்கும் அப்படியே ஊர், கிழமை, நேரம் எழுதிக் கட்டினாள். பெரும்பாலும் மத்திகிரி வாடகை வீடுகள்; எல்லாம் வேலைநாள், பகல் நேரம். ஞாயிற்றுக்கிழமை போனது ஒன்றுகூடத் திரும்பவில்லை.

மறுநாள் டவுன் பஸ் பிடித்து மத்திகிரிக்குப் போனாள். பெட்டி கொண்டுபோகும் சென்னகிருஷ்ணன் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட, செல்லி என்கிற பெண் மடித்த நோட்டுகளோடு வந்தாள்.

"ரெண்டாயிரத்து நானூத்தித் தொண்ணூறு. எண்ணிக்கோப்பா."

"இன்னும் நூத்தம்பது வேணும்க்கா."

"எதுக்கு, நீ டீ குடிக்கவா?"

"நூத்தம்பதுக்கு டீ குடிச்சா நா செத்தே போயிருவேன். பேக்கிங் நாப்பது, டெலிவரி நூத்திப்பத்து. டிவில அடியில ஓடுதே, பாக்கலியா?"

"எறும்பு ஊர்ற மாதிரி ஓடுமே, அதா? டிவில சொன்னத அப்படியே எண்ணி வெச்சிட்டு அவரு ஷிஃப்டுக்குப் போயிட்டாரு. மேல குடுக்க எங்கிட்ட ஏது? எடுத்துட்டுப் போ." பிறகுதான் அவள் ராஜலட்சுமியைக் கவனித்தாள். "டிவில வர்ற பொண்ணுதானே நீ? சொல்றத முழுசாச் சொல்ல மாட்டியா?"

ராஜலட்சுமிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கணவர் வீட்டில் இருப்பார். முனகிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து நூற்றைம்பதை எடுத்துத் தருவார். மற்ற நாளில் வீட்டில் இருப்பது எண்ணி வைத்த பணம் மட்டும்தான்.

"ரெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பதுன்னு சொன்னா எவன் போன் பண்ணுவான்?" என்றார் பொன்னுசாமி, இனி மொத்த விலையையே சொல்லலாம் என்று அவள் கேட்டபோது.

"போன் குறையும் சார். பெட்டி திரும்பாது. இந்த மாசம் மட்டும் பாருங்க."

முப்பத்தொரு பேர்தான் கேட்டார்கள். இரண்டே பெட்டிகள் திரும்பின. பொன்னுசாமி அடுத்த மாதத்துக்கும் சரக்கு எடுத்தார்.

அவள் செய்த மாற்றம் இவ்வளவுதான்: மாவு அரைக்கத் தொடங்கும் முன்பே, வாசலில் கொடுக்க வேண்டிய மொத்தம் 2,640 ரூபாய் என்று சொல்லிவிடுவாள். கிரைண்டர் 2,490, பேக்கிங் 40, வீட்டுக்குக் கொண்டுவர 110 என்ற கணக்கு, மொத்தத்துக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், நிகழ்ச்சி முடியும்வரை திரையில் அசையாமல் நிற்கும்.