வெள்ளிக்கிழமை ஊசி

நிறஞ்சலா, செத்துக் கிடந்த தன் அம்மாவின் விறைத்த விரல்களுக்குள் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் நின்ற தம்பி ஜஸ்ரின், முதியோர் இல்லத்துப் பராமரிப்புப் பெண் பிரேமினியைப் போட்டு உலுப்பிக்கொண்டிருந்தான்.

"சீனி இறங்கித்தான் செத்தவ எண்டு டாக்குத்தர் சொல்லிப்போட்டார். இன்சுலின் ஊசியைக் கூடுதலாப் போட்டனீயோ? சொல்லு! பொலிசுக்குப் போகப்போறன்."

"இல்லை அண்ணா. கொப்பியில எழுதியிருக்கிற அளவுதான். காலமை ஊசி போட்டு உடன பாண் குடுத்தனான். கோப்பை வெறுமையாத்தான் திரும்பி வந்தது."

பிரேமினி அழுதாள். இருபது கட்டிலுக்கு அவள் ஒருத்திதான்.

அந்த வெறுங்கோப்பையின் கதை நிறஞ்சலாவுக்குத் தெரியும். தபசுகாலம் தொடங்கியதிலிருந்து அம்மா பெற்றிசியா வெள்ளிதோறும் ஒருசந்தி விரதம். பகல் முழுக்கப் பச்சைத்தண்ணீர்தான். காலைப் பாணை யன்னலால் வெளியே திரியும் கழுதைகளுக்குப் போட்டுவிட்டு, கோப்பையை நல்ல பிள்ளை போல நீட்டிவிடுவாள். "ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாத பிள்ளை. இந்த வயசில எனக்கெண்டு மிஞ்சினது இதுதான்" என்று போன கிழமை சொன்னபோது, நிறஞ்சலா சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வெறும் வயிற்றில் போடக் கூடாத ஊசி என்ற ஒன்று இருப்பதே அந்தப் பாவி மகளுக்கு அப்போது நினைவில் வரவில்லை.

இதைச் சொன்னால் ஜஸ்ரின் சாகும்வரை அவள் முகத்தில் விழிக்கமாட்டான். சொல்லாவிட்டால் இந்தப் பெட்டையின் வேலை போய்விடும், பொலிசும் வரும். செத்தவ திரும்பி வரவா போகிறா என்று நினைத்து, நிறஞ்சலா வெட்கமில்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டில் கண்ணில் பட்டது. இராசம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். நித்திரை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே அவளுடைய சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவளும் ஊசி போடுகிற சீனி வருத்தக்காரி. அம்மன் விரதம், அதே வெள்ளிக்கிழமை. கழுதைகளுக்குப் பாண் போட்டது இரண்டு கிழவிகளும் சேர்ந்துதான்.

"பிரேமினி, இராசம்மா மாமியைப் பார்! அவவும் சாப்பிடேல்லை!" நிறஞ்சலா கத்தினாள். "ரெண்டு பேரும் வெள்ளியில சாப்பிடுறேல்லை. எனக்குத் தெரியும். போன கிழமையே தெரியும்."

ஜஸ்ரின் அக்காவைப் பார்த்தான்.

பிரேமினி பாய்ந்து வந்து இராசம்மாவின் விரலில் குத்தி இரத்தம் எடுத்துச் சீனி பார்த்தாள். "முப்பத்தெட்டுத்தான் இருக்கு! சீனித்தண்ணி, கெதியா!"

குசினிக்கு ஓடியது நிறஞ்சலாதான். கரைத்துக்கொண்டு வந்த கையில் பாதி சிந்தியிருந்தது. பிரேமினி இராசம்மாவை நிமிர்த்திப் பிடித்தாள். கிழவி கண்ணைத் திறந்தாலும் உதட்டைத் திறக்கவில்லை. நிறஞ்சலா நீட்டிய கரண்டியை நாக்கால் தள்ளினாள்.

"இண்டைக்கு வெள்ளி... பொழுதுபடட்டும்."

"மாமி, கும்பிட்டுக் கேக்கிறன், ஒரு வாய் குடியுங்கோ."

"பெற்றிசியா குடிச்சவளோ?"

நிறஞ்சலா கரண்டியை மறுபடி நிரப்பினாள்.

"ஓம் மாமி. அம்மா குடிச்சிட்டா. இனி நீங்கள் குடியுங்கோ."

"அவளும் விரதத்தை முறிச்சிட்டாளோ..." என்று முனகிக்கொண்டு இராசம்மா வாயைத் திறந்தாள்.

முதல் கரண்டி இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. கிழவி மெல்லப் பெற்றிசியாவின் பக்கம் தலையைத் திருப்பினாள். அதற்குள் ஜஸ்ரின் அம்மாவின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தான்.