குடைக்காரியின் கடைசி அத்தியாயம்

ஊசி கட்டைவிரலில் ஏறியதால்தான் எனக்கு வாசிக்கிற வேலை கிடைத்தது. கட்டுப்போட்ட விரலோடு தைக்க முடியாது. சும்மா உட்கார வைத்தால் ஊர்க்கதை பேசி மற்றவர்கள் வேலையையும் கெடுப்பேன் என்று முதலாளியம்மாவுக்குத் தெரியும். ஒரு பழைய நாவலைக் கையில் கொடுத்து, "சத்தமாப் படி, எல்லாரும் கேட்டுக்கிட்டே தைக்கட்டும்" என்றார். இப்படிச் சம்பளம் வாங்குவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நாவலில் எல்லோருக்கும் பிடித்துப்போனது வில்லியைத்தான். அண்ணன் மழையில் வீட்டைவிட்டுத் துரத்த, ஒற்றைக் குடையோடு வெளியேறியவள். பணக்காரியாகத் திரும்பி வந்து, அண்ணன் குடும்பத்தில் ஒவ்வொருவராகத் தெருவில் நிறுத்துகிறாள். நாங்கள் அவளைக் குடைக்காரி என்றே அழைத்தோம். அவள் வரும் பக்கங்களில் தையல் மிஷின்களெல்லாம் மெதுவாகிவிடும்.

அவளுக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசியவர் துணி வெட்டும் அக்கா. அதில் ஆச்சரியமில்லை. எங்கள் தையல்கூடத்தில் பொத்தான் தைப்பவள் அவருடைய சொந்தத் தங்கை. அம்மாவின் தையல் மிஷினைக் கேட்காமல் கொள்ளாமல் தங்கை விற்றுவிட்டாள். அன்றிலிருந்து அக்கா அவளோடு பேசுவதில்லை. ஒரே மேசையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்துகொண்டு, "அந்தச் சட்டை முடிஞ்சுதான்னு கேளு" என்று நடுவில் இருக்கும் என்னைத்தான் தூது விடுவார்.

தங்கைக்கும் பொறுமை போய்விட்டது. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு கிளைக்கு மாற்றல் கேட்டாள். முதலாளியம்மாவும் சரி என்றுவிட்டார். வெள்ளிக்கிழமையோடு இங்கே வேலை முடிகிறது.

"போகாதேன்னு அக்கா ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவேன்" என்றாள் என்னிடம், கண் கலங்க. நான் அதைக் கொண்டுபோய்ச் சொன்னேன். அக்கா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "நீ கதையைப் படி" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கத்தரிக்கோலைப் பிடுங்கி ஒளித்துவைக்கலாமா என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். அண்ணன் குடும்பத்தில் மிச்சமிருந்தவர்களும் வண்டியேறிப் போய்விடுகிறார்கள். குடைக்காரி சாவியோடு வீட்டுக்குள் நுழைகிறாள். ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்க்கிறாள். திட்டுவதற்குக்கூட ஆளில்லை. சமையலறையில் உட்கார்ந்து குடையை விரிக்கிறாள், மூடுகிறாள், மறுபடி விரிக்கிறாள். அதோடு நாவல் முடிந்தது.

தங்கை தன் ஊசிப்பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சரியான முட்டாள்" என்றார் அக்கா.

"யாரு?" என்றேன்.

"குடைக்காரிதான். எல்லாரையும் அனுப்பிட்டு இனிமே யார்மேல கோவப்படுவா? செவுத்துமேலயா?"

கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். வழக்கம்போல என் பக்கம் திரும்பவில்லை. நேராகத் தங்கையைப் பார்த்தார்.

"ஏய், அந்தப் பெட்டியை வெளிய எடு. எனக்கு உன்மேல இன்னும் கோவம் தீரல. தீர்ற வரைக்கும் நீ எங்கயும் போகக் கூடாது."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்பக்கா தீரும்?"

"தீராது" என்றார் அக்கா. "அந்த நீலச் சட்டைக்குப் பொத்தான் வச்சாச்சா?"

திங்கட்கிழமை அடுத்த நாவலைத் தொடங்கினேன். மேசையின் இரண்டு முனைகளிலிருந்தும் நேருக்கு நேர் சண்டை. நான் படித்தது ஒருவர் காதிலும் விழவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.