சொன்னவர் பெயர்

செத்தவரைச் செத்தார் என்று எழுதவைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். பல்கலைக்கழகத்தில் செய்தி எழுத்து வகுப்பு என்னுடையது. பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவதைப் பார்க்க வேண்டுமே! 'மகிமைக்கு அழைக்கப்பட்டார்', 'நம்மைத் தவிக்கவிட்டுப் பறந்தார்', 'ஊருக்குப் போயிருக்கிறார்'. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எந்த ஊருக்குப் போனாரு? பஸ்ஸுலயா? டிக்கெட்டு யாரு எடுத்தா? செத்தா செத்தார்னு எழுதித் தொலைங்களேன். பூசி மெழுகுற வேலையச் சாவு போஸ்டர் அடிக்கிறவன் பாத்துக்குவான்."

வகுப்பே சிரிக்கும். முன்வரிசையில் டச்சிவா மட்டும் சிரிக்கமாட்டாள், குனிந்து எழுதிக்கொண்டிருப்பாள். வாசல் கேட்டருகே சுட்ட வாழைப்பழமும் வேர்க்கடலையும் விற்கும் அம்மாவின் மகள். நான் தும்மினால்கூட அந்தப் பெண் குறித்துக்கொள்ளும். அடுத்த வாரம் நான் சொன்னதையும் அப்படித்தான் எழுதிக்கொண்டாள்: "யார் சொன்னாங்கன்னு முழுப் பேரையும் பதவியையும் போடுங்க. பேர் இல்லாத பேச்சு வெறும் வதந்தி."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல்கலைக்கழக வானொலியில் அவள் குரல் கேட்டது. "அடுமாசி ஊரின் தலைவர் நானா டார்கோ ஞாயிற்றுக்கிழமை பெரிய மருத்துவமனையில் இறந்தார். இதைச் செய்தியாளர் டச்சிவா ஒவுசு நேரில் கண்டார்."

பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எழுத்தில் ஒரு பிழை இல்லை. ஆனால் ஐயோ, பாவிப்பெண்ணே!

நானா போய்ச்சேர்ந்தது ஊரில் யாருக்குத் தெரியாது? சந்தையில் துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புத்துணியின் விலை அதற்குள் ஏறியிருந்தது. ஆனாலும் அரண்மனை தானாக அறிவிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மாதக்கணக்கில் ஆகட்டுமே, அதுவரை நானா ஊருக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான். முந்தின நாள் தக்காளி வாங்கும்போது நானே அப்படித்தான் பேசிவிட்டு வந்திருந்தேன். இதையெல்லாம் வகுப்பில் வேறு சொல்லித்தர வேண்டுமா? பிறந்த குழந்தைக்கும் தெரியுமே என்று இருந்துவிட்டேன். அவளோ, தெரிந்ததை ஒதுக்கிவைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

மதியமே அரண்மனையிலிருந்து ஒச்சியாமே வந்துவிட்டார். தலைவரின் வாயாக நின்று பேசுகிறவர் அவர். தங்கப்பூண் போட்ட கோலோடு துறைத்தலைவர் அறையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தோம், குடித்தார். என்ன சேதி என்று முறைப்படி கேட்டோம்.

"அரண்மனையில எல்லாரும் சௌக்கியம். நானாவும் சௌக்கியம். அப்படியிருக்க, உங்க ரேடியோவுல ஒரு பொண்ணு என்னமோ சொல்லிச்சாமே?"

அவர் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அவரும் அழுதவர்தான்.

ஆடும் சாராயமும் கொடுத்துப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கு உடனே தலையாட்டினோம். சொன்ன வாயாலேயே அந்தப் பெண் வானொலியில் மறுக்கவும் வேண்டும் என்றார். அவர் போனதும் துறைத்தலைவர் ஒஃபோசு என் பக்கம் திரும்பினார்.

"அராபா, மறுப்ப நீங்க எழுதுங்க, அவ படிக்கட்டும். படிக்கலன்னா பொண்ண வீட்டுக்கு அனுப்பிருவாங்க. நாம நிக்கிற மண்ணே அரண்மனை மண்ணு. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"அவ சொன்னது நிஜம் சார்."

"நிஜமா பொய்யான்னு நான் கேட்டேனா?"

சாயங்காலம் அவள் அம்மா என் அறைக்கே வந்துவிட்டாள். கையில் அடுப்புக்கரி, இடுப்பில் சுற்றிய துணியெல்லாம் புகைவாடை.

"மேடம், எங்க குடும்பத்துல காலேஜ் வாசப்படி ஏறின முதல் ஆளு அவதான். ரேடியோவுல அந்த மறுப்பப் படிக்கமாட்டேன்னு மொரண்டு பிடிக்கிறா. உங்க பேச்சத்தான் வேதமா நெனைக்கிறா. ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்."

சொன்னேன். வியாழக்கிழமை டச்சிவாவைக் கூப்பிட்டு, நான் எழுதிய தாளை நீட்டினேன். இரண்டே வாக்கியம். அவள் நின்றபடியே வாசித்தாள்.

"இது நிஜமா மேடம்?"

"நாளைக்குக் காலையில படிச்சிரு."

"நான் கண்ணால பாத்தேன் மேடம். அத்தைக்குச் சாப்பாடு கொண்டுபோனப்ப, எதிர் ரூம் கதவு தெறந்திருந்துச்சு. நானா மூக்குல பஞ்சு வச்சிருந்தாங்க."

"டச்சிவா! உனக்குப் படிப்பு வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

"அப்ப எதிர்த்துப் பேசாத. ஒரு வார்த்தை மாத்தாம இதைப் படி."

அவள் தாளை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பெண் பிழைத்தாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கேன்டீனில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சமையல்காரம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வானொலியைச் சத்தமாக வைத்தாள். டச்சிவாவின் குரல் நிதானமாக வந்தது.

"'நானா டார்கோ நலமாக இருக்கிறார். செவ்வாய்க்கிழமை இந்நிலையம் சொன்னது தவறு.' இவ்வாறு இப்பல்கலைக்கழகத்தின் செய்தி எழுத்து விரிவுரையாளர் அராபா குவைனூ கூறினார்."

அடுத்து வானிலை வந்தது.

கேன்டீனில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு வார்த்தையும் மாற்றவில்லை அவள். கடைசியில் பெயரைச் சேர்த்தாள், அவ்வளவுதான். முழுப் பெயர், பதவியோடு.

துறைத்தலைவர் போனில் சந்தோஷமாகப் பேசினார். அரண்மனைக்கு ரொம்பத் திருப்தியாம். சின்னப்பெண் சொல்வதைவிட ஒரு விரிவுரையாளரே சொன்னது இன்னும் கௌரவமாம். டச்சிவாவை யாரும் தொடமாட்டார்கள். நல்லது. போனை வைத்ததும் அவளைத் தேடிப் போனேன். வந்த கோபத்தில் நடக்கவில்லை, ஓடினேன்.

"என் பேரை ஏண்டி போட்ட?"

அவள் மிரண்டு எழுந்து நின்றாள். "சொன்னது நீங்கதானே மேடம்?"

கிண்டல் செய்திருந்தால் திட்டியிருப்பேன். அவள் முகத்தில் துளிக் கிண்டல் இல்லை. செய்தது சரிதானா என்று வகுப்பில் கேட்பாளே, அதே முகம். திரும்பி வந்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, குளிர்காற்றுப் புழுதி கிளம்பிய காலத்தில் அரண்மனை முரசு ஒலித்தது, துப்பாக்கிகள் வெடித்தன. நானா டார்கோ இறந்துவிட்டார் என்று முறைப்படி சொன்னார்கள். ஊர் முழுக்கக் கறுப்பும் சிவப்பும் உடுத்தியது, நானும்தான். கேட்டருகே ஆரஞ்சு விற்கிறவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன மேடம், கறுப்பு கட்டியிருக்கீங்க? நானாதான் நல்லா இருக்காருன்னு சொன்னீங்களே! யாரு செத்தது?"

சுற்றியிருந்த கடைக்காரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டச்சிவாவின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"சும்மா கெடங்கடி! என் பொண்ணுக்காகச் சொன்னாங்க," என்று அதட்டிவிட்டு, சூடான வாழைப்பழம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி என் கையில் திணித்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுவாரம் வகுப்பு. வழக்கம்போல எவனோ ஒருவன் 'இறைவனடி ஏகினார்' என்று எழுதி வந்திருந்தான்.

"செத்தா செத்தார்னு எழுதுங்க," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. டச்சிவா இப்போது கடைசி வரிசையில் உட்காருகிறாள். ஒரு வகுப்பும் தவறுவதில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. நான் பேசிமுடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மட்டும் எடுக்கவே இல்லை.